மேலே ஏறும் செலவை யார் கட்டுவது?

அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து அணிகளின் ‘பதவி உயர்வு’ மாணவர்களுக்குச் சொல்லும் பாடம்

2023ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹாரிசன்பர்க் என்ற சிறு நகரம். பொழுது விடிவதற்கு முன்பே ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழக வளாகத்தின் நடுத்திடலில் ஊதா நிற உடை அணிந்த மாணவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டுவிட்டனர். நாடு முழுவதும் ஒளிபரப்பாகும் காற்பந்து நிகழ்ச்சி ஒன்று அன்று அவர்களின் வளாகத்திலிருந்தே நேரலையாக வந்தது. அந்தப் பருவத்தில் அவர்களின் அணி அதுவரை ஆடிய பத்து ஆட்டங்களிலும் வென்றிருந்தது.

ஆனால், எத்தனை ஆட்டங்களில் வென்றாலும் அந்த அணி தனது கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் ஆட முடியாது என்று விதி சொன்னது. விதிவிலக்கு கேட்டு அனுப்பிய விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது. அணி ஏதாவது முறைகேடு செய்ததா? இல்லை. கீழ்ப் பிரிவிலிருந்து மேல் பிரிவுக்கு அப்போதுதான் மாறியிருந்தது. அவ்வளவுதான்.

ஒரு கல்லூரி அணி மேல் பிரிவுக்குப் போவது நல்ல செய்திதானே என்று தோன்றலாம். அமெரிக்காவில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இந்த முடிவை எடுக்குமுன் ஆண்டுக்கணக்கில் யோசிப்பதற்குக் காரணம் உண்டு. இது விளையாட்டு முடிவு போலத் தெரிந்தாலும் உண்மையில் ஒரு பண முடிவு. அந்தப் பணத்தில் கணிசமான பங்கு, ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்க்காத மாணவரின் கட்டணத்திலிருந்தும் வருகிறது.

வென்றால் மட்டும் போதாது

இங்கே பேசப்படுவது அமெரிக்கக் காற்பந்து. முட்டை வடிவப் பந்தும் தலைக்கவசமும் கொண்ட ஆட்டம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிப்பது என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். அதன் முதல் நிலைக் காற்பந்துப் போட்டிகள் 1978ஆம் ஆண்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 2006 முதல் மேல் பிரிவை எஃப்பிஎஸ் என்றும் கீழ்ப் பிரிவை எஃப்சிஎஸ் என்றும் அழைக்கின்றனர்.

இங்கிலிஷ் பிரிமியர் லீக் பார்ப்பவர்களுக்கு ஒரு முறை நன்கு பழக்கம். அடுத்த நிலையில் உள்ள 24 குழுக்களில் நன்றாக ஆடும் மூன்று குழுக்கள் ஆண்டுதோறும் மேலே ஏறும். பிரிமியர் லீக்கின் கடைசி மூன்று இடங்களில் உள்ளவை கீழே இறங்கும். திடலில் கிடைத்த புள்ளிகளே எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் அப்படி இல்லை. கீழ்ப் பிரிவில் ஐந்து முறை வெற்றிக் கிண்ணம் வென்றாலும் தானாக மேலே போக முடியாது. மேல் பிரிவில் கடைசி இடத்தில் இருந்தாலும் யாரும் கீழே தள்ளமாட்டார்கள். மேலே போக விரும்பும் பல்கலைக்கழகத்துக்கு, மேல் பிரிவில் உள்ள ஏதாவது ஒரு கூட்டமைப்பு அழைப்பு விடுக்க வேண்டும். கூட்டமைப்பு என்பது பத்துப் பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் லீக் போன்றது. அழைப்பு வந்த பிறகு செலவுப் பட்டியல் தொடங்கும்.

பட்டியலில் என்னென்ன?

முதலாவது, விண்ணப்பக் கட்டணம். நீண்டகாலமாக இது வெறும் 5,000 டாலராக இருந்தது. 2023 அக்டோபரில் 5 மில்லியன் டாலராக உயர்த்தப்பட்டது. ஒரே தாவலில் ஆயிரம் மடங்கு! யோசிக்காமல் மேலே ஓடி வருவோரைத் தடுப்பதும் இதன் நோக்கங்களில் ஒன்று. 2025இல் மேலே வந்த டெலவேர் பல்கலைக்கழகம் இந்தப் புதிய விதியின்கீழ் ஏறியது.

இரண்டாவது, உபகாரச் சம்பளம். பல ஆண்டுகளாகக் கீழ்ப் பிரிவு அணி 63 முழு உபகாரச் சம்பளங்கள் வரை வழங்கலாம் என்றும் மேல் பிரிவு அணி 85 வழங்கலாம் என்றும் வரம்பு இருந்தது. 22 இடங்கள்தான் கூடுதல் என்று விட்டுவிட முடியாது. கல்வியில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டுச் சட்டம், விளையாட்டிலும் இரு பாலாருக்கும் நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. எனவே, காற்பந்து ஆடும் ஆண்களுக்கு இடங்கள் கூடும்போது பெண்கள் அணிகளுக்கும் உதவியை உயர்த்த வேண்டிய கட்டாயம் வருகிறது. இது நல்ல விதி. ஆனால் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்தே போட வேண்டும்.

மூன்றாவது, மற்ற செலவுகள். பயிற்றுவிப்பாளர்களின் சம்பளம், பயிற்சிக் கூடங்கள், மருத்துவக் குழு, தூர மாநிலங்களுக்கு விமானப் பயணம். காற்பந்து அணி பெரிது. நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒன்றாகப் பயணம் செய்யும் அணிக்கு ஒரு பயணம் கூடினாலே செலவு சுருக்கென்று ஏறிவிடும்.

நான்காவது, காத்திருப்பு. மேலே வரும் அணி இரண்டு ஆண்டுகள் மாறுநிலையில் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பருவ முடிவில் நடக்கும் ‘பவுல்’ ஆட்டங்களுக்கு அதற்கு உரிமை கிடையாது. தகுதிபெற்ற அணிகள் போதாமல் போனால் மட்டுமே இடம் கிடைக்கலாம். ஜேம்ஸ் மேடிசன் மாணவர்களின் ஏமாற்றத்துக்குக் காரணம் இந்த விதிதான்.

மிச்சிகனை வீழ்த்திய சிறிய கல்லூரி

இவ்வளவு தெரிந்தும் ஏன் மேலே போகத் துடிக்கிறார்கள்? அதற்கு விடை வட கரோலைனாவின் மலைப்பகுதியில் இருக்கும் பூன் என்ற ஊரில் கிடைக்கும்.

அங்குள்ள அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2005, 2006, 2007 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கீழ்ப் பிரிவின் வெற்றியாளர். 2007 செப்டம்பர் 1ஆம் தேதி அந்த அணி மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் திடலுக்குச் சென்றது. நாட்டின் ஐந்தாம் நிலை அணியாக அப்போது மதிப்பிடப்பட்டிருந்த மிச்சிகன், பருவத்தைத் தொடங்க ஓர் எளிய வெற்றியை எதிர்பார்த்தது. வந்து ஆடுவதற்காகச் சிறிய கல்லூரிக்கு 400,000 டாலர் கொடுத்தது. பெரிய அணிகள் இப்படிப் பணம் கொடுத்துச் சிறிய அணிகளை வரவழைப்பது அங்கு வழக்கம். சிறிய அணி அடி வாங்கும், காசோலையும் வாங்கும்.

அன்று கணக்கு தவறியது. 100,000க்கும் அதிகமான ரசிகர்கள் முன்னிலையில் அப்பலாச்சியன் ஸ்டேட் 34-32 என்று வென்றது. ஒரே மாலையில் பூன் என்ற ஊரின் பெயர் நாடெங்கும் தெரிந்தது. 2014இல் அந்தப் பல்கலைக்கழகம் சன் பெல்ட் கூட்டமைப்பில் சேர்ந்து மேல் பிரிவுக்கு வந்தது. காத்திருப்பு முடிந்த முதல் ஆண்டான 2015லேயே ‘பவுல்’ ஆட்டத்தில் வென்றும் காட்டியது.

மேல் பிரிவுக்குப் போகலாம் என்று வாதாடுவோர் முதலில் சுட்டிக்காட்டுவது இந்தக் கதையைத்தான். பெயர் தெரிந்தால் வெளிமாநில மாணவர்கள் விண்ணப்பிப்பார்கள், முன்னாள் மாணவர்கள் நன்கொடை தருவார்கள், வளாகத்தில் ‘நாம்’ என்ற உணர்வு வளரும் என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. சனிக்கிழமை காலையில் ஒரே நிற உடையில் ஊரே திரள்வதைப் பார்த்தவர்கள் அதை எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்கள்.

ரசீதில் ஒளிந்திருக்கும் வரி

மீண்டும் ஜேம்ஸ் மேடிசனுக்கு வருவோம். 1908இல் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கூடமாகத் தொடங்கப்பட்ட கல்வி நிலையம் அது. காற்பந்து அணி 1972இல்தான் உருவானது. 2004இலும் 2016இலும் கீழ்ப் பிரிவின் வெற்றிக் கிண்ணத்தை அந்த அணி வென்றது. சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2022இல், சன் பெல்ட் கூட்டமைப்பில் சேர்ந்து மேலே ஏறியது.

அங்கே 20,000க்கும் மேற்பட்டோர் படிக்கின்றனர். விளையாட்டுத் துறைக்காக ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 டாலருக்கும் மேல் கட்டணம் செலுத்தி வந்தனர். பாடக் கட்டணத்தோடு சேர்ந்தே வசூலிக்கப்படுவதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 40 மில்லியன் டாலருக்கு மேல் வருகிறது. நான்கு ஆண்டுப் படிப்பில் ஒரு மாணவரின் பங்கு 8,000 டாலரைத் தாண்டும். கல்விக் கடன் வாங்கிப் படிப்பவர் பட்டம் பெற்ற பின்னரும் இதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பார்.

வர்ஜீனியா மாநிலம் இதைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை. அங்கே 2015இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. விளையாட்டுத் துறையின் வருமானத்தில் மாணவர் கட்டணம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு அது உச்சவரம்பு வைத்தது. கீழ்ப் பிரிவில் காற்பந்து ஆடும் பல்கலைக்கழகத்துக்கு 70 விழுக்காடு. மேல் பிரிவின் நடுத்தரக் கூட்டமைப்புகளில் ஆடுவோருக்கு 55 விழுக்காடு. பிரிவு மாற விரும்பினால் சட்டமன்ற உறுப்பினர்கள் அடங்கிய ஆணையத்திடம் கணக்குக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். ஜேம்ஸ் மேடிசனும் 2021இல் அப்படித்தான் ஒப்புதல் பெற்றது.

இங்கே ஒரு சிறிய கணக்கு. ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வருமானம் 50 மில்லியன் என்று வைத்துக்கொள்வோம். அதில் 70 விழுக்காடு மாணவர் கட்டணம் என்றால் 35 மில்லியன். மேல் பிரிவுக்குப் போனதும் வரவுசெலவு 64 மில்லியனாகப் பெருகினால் அதில் 55 விழுக்காடும் ஏறத்தாழ 35 மில்லியன்தான். விழுக்காடு குறைந்துவிட்டது. மாணவர் கட்டும் தொகை குறையவில்லை. செய்தியில் விழுக்காட்டைப் பார்க்கும்போது “எதில் விழுக்காடு?” என்று கேட்டுப் பழகுவது நல்லது.

செலவு பணத்தில் மட்டும் இல்லை. மேல் பிரிவுக்குப் போகும் முடிவு 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்டதும், அதுவரை அங்கம் வகித்த பழைய கூட்டமைப்பு தனது விதிப்படி ஜேம்ஸ் மேடிசனின் அணிகளை அந்தக் கல்வியாண்டின் கூட்டமைப்பு வெற்றியாளர் போட்டிகளிலிருந்து விலக்கிவைத்தது. காற்பந்துக்காக எடுத்த முடிவால் பாதிக்கப்பட்டவர்கள் மற்ற விளையாட்டாளர்கள். அதே ஆண்டு கோடையில் தேசிய அரையிறுதி வரை சென்று நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த பெண்கள் சாஃப்ட்பால் அணியும் அவர்களில் ஒன்று. இறுதியாண்டில் இருந்தவர்களுக்கு அடுத்த ஆண்டு என்ற ஒன்று இல்லை.

பின்னர் வந்த பலனையும் சொல்லியாக வேண்டும். முதல் பருவத்தில் 8 வெற்றி, 3 தோல்வி. இரண்டாம் பருவத்தில் அந்த நவம்பர் 18ஆம் தேதி ஆட்டத்தில், எதிரணியாக வந்த அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தில் 26-23 என்று முதல் தோல்வி. தகுதிபெற்ற அணிகள் போதாததால் கடைசியில் ‘பவுல்’ ஆட்டம் ஒன்றில் இடமும் கிடைத்தது. ஆனால் அதற்குள் தலைமைப் பயிற்றுவிப்பாளர் கர்ட் சிக்னெட்டி இண்டியானா பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டார். வீரர்கள் பலரும் அவரைப் பின்தொடர்ந்தனர். ஏணியில் ஒரு படி ஏறியவனின் கையைப் பிடித்து இழுக்க அதற்கு மேற்படியில் ஒருவன் காத்திருக்கிறான். இருந்தும் அணி சளைக்கவில்லை. 2025 பருவத்தில் சன் பெல்ட் வெற்றியாளராகி, தேசிய வெற்றியாளரை முடிவு செய்யும் 12 அணிகள் போட்டியிலும் நுழைந்தது.

ஏறியவர்கள் எல்லாரும் நிலைத்தார்களா?

ஜேம்ஸ் மேடிசன் போல வெற்றி கண்ட கதைகளே அதிகம் பேசப்படும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் கதை வேறு. 1998இல் கீழ்ப் பிரிவின் வெற்றியாளராக இருந்த அந்த அணி 2012இல் மேலே வந்தது. தொடக்க ஆண்டுகளில் ‘சொந்தத் திடல்’ ஆட்டங்கள் பலவற்றை வளாகத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தொழில்முறைக் குழுவின் மாபெரும் விளையாட்டரங்கத்தில் நடத்தியது. மாணவர்கள் அவ்வளவு தூரம் போவார்களா? 60,000க்கும் அதிகமான இருக்கைகளில் பெரும்பாலானவை காலியாகவே கிடந்தன. 2012 முதல் 2024 வரை எந்தப் பருவத்திலும் அந்த அணி நான்கு வெற்றிகளைத் தாண்டவில்லை.

ஐடஹோ பல்கலைக்கழகம் இன்னும் துணிச்சலான முடிவை எடுத்தது. 1996இல் மேலே ஏறிய அந்த அணியின் உள்ளரங்கத் திடலில் 16,000 பேர்தான் அமரலாம். அருகில் இருந்த கூட்டமைப்பு கலைந்துபோக, நாட்டின் வடமேற்கு மூலையில் இருந்த அணி, தென்கிழக்கு மாநிலங்களின் அணிகளோடு ஆட நாட்டைக் குறுக்காகக் கடந்து பறக்க வேண்டியதாயிற்று. சன் பெல்ட் கூட்டமைப்பும் ஒப்பந்தத்தை நீட்டிக்க மறுத்தது. 2016இல் அன்றைய தலைவர் சக் ஸ்டேபன் மீண்டும் கீழ்ப் பிரிவுக்கே திரும்புவதாக அறிவித்தார். முன்னாள் மாணவர்கள் பலர் கொதித்தனர். மேல் பிரிவிலிருந்து தானாகவே கீழே இறங்கிய முதல் பல்கலைக்கழகம் என்ற பெயர் அதற்கு வந்தது.

2018இல் இறங்கியதும் என்ன ஆனது? பக்கத்து மாநில அணிகளோடு பழைய போட்டிகள் மீண்டும் தொடங்கின. 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கீழ்ப் பிரிவின் வெளியேற்றச் சுற்றுகளுக்கு அணி தகுதிபெற்றது. கீழே இறங்கியதால் அந்தப் பல்கலைக்கழகம் மூடப்படவில்லை. அதன் பட்டங்களின் மதிப்பும் குறையவில்லை.

இப்போது இடைவெளி இன்னும் பெரிது

2025 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அங்கீகரித்த உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டாளர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் கொடுக்கக்கூடிய உச்சத் தொகை ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர். விளையாட்டாளர்களின் உழைப்புக்குப் பங்கு கிடைப்பது நியாயமே. தொலைக்காட்சி ஒப்பந்தங்களில் பெரும்பணம் ஈட்டும் முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்கு அது கட்டுப்படியாகும். புதிதாக மேலே வரும் ஒன்றுக்கு? வாசலைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் மாடிப்படிகள் எவ்வளவு உயரம் என்பதே தெரியும்.

நமக்கு இதில் என்ன?

இங்குள்ள இளையர்களில் சிலர் அமெரிக்காவில் படிக்கத் திட்டமிடுவர். அவர்கள் பாடக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்காமல், கட்டாயக் கட்டணங்களின் விவரத்தையும் வரி வரியாகப் படிக்க வேண்டும். பல அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் அந்த விவரத்தை வெளியிடுகின்றன. விளையாட்டுக்கென வசூலிக்கும் தொகையும் அதில் இருக்கும்.

இங்கேயே படிப்பவர்களுக்கும் இது அந்நியக் கதை அல்ல. நம் பல்கலைக்கழகங்களிலும் பாடக் கட்டணத்தோடு இதர கட்டணங்கள் உண்டு. பள்ளிகளில் எந்த இணைப்பாட நடவடிக்கைக்கு எவ்வளவு ஒதுக்குவது, பதக்கம் வெல்லும் அணிக்கு அதிகமா, அதிகமானோர் சேரும் அணிக்கு அதிகமா என்ற கேள்வி எழுவதுண்டு. மாணவர் மன்றத்திலோ சங்கத்திலோ பொறுப்பு வகிப்பவர்கள் “பெரிதாகச் செய்வோம்” என்ற முன்மொழிவை அடிக்கடி எதிர்கொள்வர். அப்போது நான்கு கேள்விகளைக் கேட்கலாம்.

ஒன்று, பணத்தைக் கட்டுபவர் யார், பலனை அனுபவிப்பவர் யார்? இரண்டு, முதல் ஆண்டுச் செலவு சரி, ஐந்தாம் ஆண்டுச் செலவு எவ்வளவு? மூன்று, இதனால் வேறு எந்தக் குழு வாய்ப்பை இழக்கும்? நான்கு, எதிர்பார்த்தபடி நடக்காவிட்டால் திரும்பி வர வழி இருக்கிறதா?

இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டு மேலே ஏறுவதில் தவறில்லை. அப்பலாச்சியன் ஸ்டேட் ஏறியது, ஜேம்ஸ் மேடிசன் ஏறியது. கேட்டுப் பார்த்துவிட்டு ஐடஹோ இறங்கியது. மூன்றுமே தங்கள் அளவை அறிந்து எடுத்த முடிவுகள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொல்வது விளையாட்டுக்கும் பொருந்தும்.

அந்த நவம்பர் காலையில் ஹாரிசன்பர்க் திடலில் நின்ற மாணவர்களின் உற்சாகம் பொய்யல்ல. அதே நேரத்தில் நூலகத்தில் அமர்ந்திருந்த மாணவரும் அந்த அணிக்காக அதே தொகையைத்தான் கட்டியிருந்தார். மேலே ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அறையில் அவருடைய குரலும் ஒலிக்க வேண்டும்.